மணமாகாத இணையருக்கான நுழைவிசைவு

மணமாகாத இணையருக்கான நுழைவிசைவு (விசா) என்பது, வெளிநாட்டில் பணிபுரியும் ஒருவருடன் அவரை மணம் புரியாத துணை சென்று தங்குவதற்கான அனுமதி ஆகும். இதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

நாடுகளின் விதிகள்

* ஐக்கிய அமெரிக்கா: எச்-1பி பணியாளரைச் சார்ந்தோருக்கான எச்-4, கணவன் அல்லது மனைவிக்கும் 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளுக்கும் மட்டுமே உரியது. சேர்ந்து வாழும் இணையர் பி-2 வருகையாளர் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதில் பணிபுரிய இயலாது.
* கனடா: குறைந்தது 12 மாதங்கள் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும்.
* ஐக்கிய இராச்சியம்: திருமணத்தை ஒத்த உறவு குறைந்தது 2 ஆண்டுகள் நிலவியிருக்க வேண்டும்.
* ஐக்கிய அரபு அமீரகம்: துணையை அழைக்கச் சான்றொப்பம் பெற்ற திருமணச் சான்றிதழ் தேவை.

தமிழ்நாட்டில்

சேர்ந்து வாழ்தல் குற்றமன்று. நடிகை குஷ்பூவின் கருத்து தொடர்பாகச் சேலம் மாவட்டத்து மேட்டூர் உட்படப் பல ஊர்களில் தொடரப்பட்ட வழக்குகளை இரத்து செய்த உச்ச நீதிமன்றம், 2010 ஏப்ரல் 28 அன்று இதனைத் தெளிவுபடுத்தியது. எனினும் இவ்வுறவைப் பதிவு செய்யும் முறை தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு முதலியனவே சான்றாகின்றன. சேலத்திலோ நாமக்கல்லிலோ தத்தம் பெற்றோருடன் வாழும் இருவருக்கு இவற்றைக் காட்டுவது கடினம்.

மாற்று வழி, பயணத்திற்கு முன்னரே திருமணத்தைப் பதிவு செய்வதாகும். சிறப்புத் திருமணச் சட்டம், 1954 இன்படி 30 நாள் அறிவிப்பு பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படும். வீட்டாரின் எதிர்ப்பை அஞ்சுவோருக்கு இது இடராகலாம். இந்துக்களிடையே 1968 முதல் செல்லுபடியாகும் சுயமரியாதைத் திருமணத்திற்கு அவ்வறிவிப்பு தேவையில்லை. ஒருபால் இணையருக்கு இவ்வழிகள் இல்லை. அவர்களது திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்க உச்ச நீதிமன்றம் 2023 இல் மறுத்தது.