மருந்து கெட்டிக்கக் கற்ற காலம்

பழைய கருமருந்துத் துப்பாக்கியில் குழலின் வாய் வழியாகவே எல்லாம் உள்ளே போக வேண்டும். மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, நீண்ட கம்பியால் அடிவரை கெட்டித்த பிறகே சுட முடியும். இதில் ஒரு செயல் தவறினாலும் வேட்டு எழாது. சில வேளைகளில் சுடுபவருக்கே காயம் நேரும். அதனால் ஐரோப்பியப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர் முதலில் கற்றது குறிபார்ப்பதை அல்ல, கெட்டிக்கும் வரிசையைத்தான்.

இந்தக் கல்விக்கு ஒழுங்கான வடிவம் தந்தவர்கள் நெதர்லாந்தின் நாசாவ் குடும்பத்தினர். முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய்க் கெட்டிக்க, அடுத்த வரிசை சுடும் முறையை 1594இல் வில்லியம் லூயி தம் உறவினர் மாரிஸுக்குக் கடிதத்தில் விளக்கினார். எல்லோரும் ஒரே வேகத்தில் கெட்டித்தால்தான் இம்முறை பலிக்கும். யாக்கோப் தே கெய்ன் வரைந்து 1607இல் ஹேக் நகரில் வெளியான பயிற்சி நூலில் 117 படங்கள் உள்ளன. அவற்றில் 42 இலகுவான துப்பாக்கிக்கும் 43 கனமான மஸ்கட்டுக்கும் 32 ஈட்டிக்கும் உரியவை.

அத்தனை படங்கள் தேவைப்பட்டதற்குக் காரணம் திரி. எரியும் திரியை இடக்கையில் வைத்துக்கொண்டே வீரர் மருந்தைக் கையாள வேண்டியிருந்தது. பற்றவைக்கும் கிண்ணியில் சிறிது மருந்தை இட்டு மூடி, சிதறிய துகள்களை ஊதித் தள்ளிய பின்பே குழலை நிரப்பலாம்.

1700ஐ ஒட்டித் திரியின் இடத்தைச் சக்கிமுக்கிக் கல் பிடித்தது. அளந்த மருந்தும் குண்டும் காகிதச் சுருளில் வந்தன. சுருளைப் பல்லால் கடித்துக் கிழித்து, கிண்ணிக்குச் சிறிது இட்டு, மிச்சத்தைக் குழலில் கொட்டுவார்கள். பிரஷ்யப் படை மரக்கம்பிக்குப் பதில் முறியாத இரும்புக் கம்பியைக் கொண்டுவந்தது. தேர்ந்த வீரர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 முறை சுட்டார். புதியவரோ கல்லுக்குப் பதில் மரத்துண்டைப் பொருத்தி வெறுந்துப்பாக்கியில் பழகினார். அடுத்து மருந்து மட்டும், கடைசியில்தான் குண்டு. 1778இல் அமெரிக்க விடுதலைப் போரின்போது வேலி ஃபோர்ஜ் பாசறையில், பிரஷ்யப் படையில் முன்பு பணியாற்றிய ஸ்டூபன் சுமார் 100 அமெரிக்க வீரர்களை இவ்வாறு பழக்கி, அவர்களைக் கொண்டே மற்றவர்களுக்குக் கற்பித்தார்.

சுட்டு முடித்தாலும் பாடம் முடியாது. கருமருந்தின் கசடு குழலில் படிந்து அடுத்த குண்டை இறங்கவிடாது. ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவும் பிடிக்கச் செய்யும். உடனுக்குடன் தண்ணீர்விட்டுக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் இடுவதும் பயிற்சியின் பகுதியே.

1849இல் பிரெஞ்சு அதிகாரி மினியே வடிவமைத்த குண்டு வரியிட்ட குழலிலும் எளிதாக இறங்கித் தொலைவில் குறியைத் தொட்டது. பிரிட்டன் 1853இல் ஹைத் நகரில் சுடும் பள்ளி தொடங்கியது. அங்கே தொலைவைக் கணிப்பதும் பாடமாயிற்று. இருந்தும் வரிசை பிசகும் ஆபத்து நீங்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய 27,574 துப்பாக்கிகளில் சுமார் 24,000 சுடப்படாமல் கெட்டித்தபடியே கிடந்தன. பலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகள் இருந்தன. போர்ச் சந்தடியில் தம் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதையே உணராமல் மீண்டும் கெட்டித்தவர்கள் அவற்றை ஏந்திய வீரர்களில் இருந்தனர்.

பின்புறமாகக் குண்டேற்றும் பிரஷ்யத் துப்பாக்கி 1866இல் ஆஸ்திரியாவுக்கு எதிரான கோனிக்ராட்ஸ் போரில் வென்றது. அதே ஆண்டு பிரிட்டனும் தன் என்ஃபீல்டு துப்பாக்கிகளை அவ்வாறு மாற்றத் தொடங்கியது. கெட்டிக்கும் கம்பி படைகளிலிருந்து மறைந்தது. அதற்காகப் பிறந்த பயிற்சி முறை, ஒரு கட்டளைக்கு ஓர் அசைவு என, அணிவகுப்புத் திடல்களில் இன்றும் தொடர்கிறது.