நோயாளரை மாணாக்கராக்கிய மருத்துவர்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆக்ஸ்போர்டு என்று ஒரு சிற்றூர் உண்டு. மாணவ நண்பர்களே, இங்கிலாந்திலுள்ள பல்கலைக்கழக நகரை எண்ணிவிடாதீர்கள், இது வேறு. அவ்வூரின் அகன்ற தெருவொன்றில் மூன்று வீடுகள் அடுத்தடுத்து நின்றன. அவற்றில் ஒருவர்பின் ஒருவராகக் குடியிருந்த குடும்பத் தலைவர், தலைவியர் எழுவர். அவருள் அறுவர் நீரிழிவால் மாண்டனர். தொற்றுநோயால் இத்தனை பேர் மடிந்திருந்தால் ஊரே திரண்டு காரணம் தேடியிருக்குமன்றோ? நீரிழிவாதலின் எவரும் வினவவில்லை. 1921இல் வினவியவர், அவ்வூரில் 1869ஆம் ஆண்டு பிறந்த எலியட் ஜாஸ்லின் என்னும் மருத்துவர்.

ஹார்வர்டில் 1895இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஜாஸ்லின், 1898 முதல் பாஸ்டன் நகரில் மருத்துவம் புரிந்தார். அவருடைய தாயாரையும் நீரிழிவு பற்றியது. தம்மிடம் வந்த நோயாளரைப் பற்றிய செய்திகளையெல்லாம் கணக்கேட்டில் பதிந்துவந்தார். அவர் 1916இல் வெளியிட்ட நூல் ஆயிரம் நோயாளரின் வரலாற்றின்மேல் எழுந்தது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பல்லாண்டு காத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: பெயரை எழுதுவது எளிது, அப்பிள்ளை பின்னர் என்னவானான் என்பதைத் தொடர்ந்து எழுதுவதே அரிது. ஜாஸ்லினோ, நோயாளர் எதனால் இறந்தார் என்பதுவரை எழுதினார்.

இன்சுலின் வருமுன் உணவைக் குறைப்பதன்றி வேறு வழியில்லை. குழந்தைகள் எலும்பும் தோலுமாயினர். 1922 ஆகஸ்டில் ஜாஸ்லின் முதன்முதலாக ஒரு தாதிக்கு இன்சுலின் செலுத்தினார். சாவின் வாயிலில் கிடந்த அப்பெண் எழுந்து நடமாடினார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்று! கணக்கேடு வேறொன்றைக் காட்டிற்று. முன்னர் மாண்டவருள் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவு மயக்கத்தால் மாண்டவர். இன்சுலின் வந்தபின் அது மிக அருகிற்று. ஆனால் பிழைத்தவர்கள் ஆண்டுகள் பல கழிந்தபின் மாரடைப்பாலும், இரத்தக் குழாய்கள் தடித்து அடைபடுவதாலும் இறக்கலாயினர். ஒரு வாயிலை அடைத்தால் மரணம் மறு வாயிலில் நுழைந்தது.

சர்க்கரையை ஓயாது அடக்கி வைப்பதே காப்பு என்றார் ஜாஸ்லின். அதற்கு மருத்துவர் மட்டும் போதார். ஆகவே நோயாளருக்கு வகுப்பு நடத்தினார். 1918இல் அவர்களுக்கென்றே கைந்நூல் எழுதினார். உணவை நிறுக்கவும், சிறுநீரைத் தாமே சோதிக்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், பாதங்களைப் பேணவும் கற்பித்தார். வீடுதோறும் சென்று கற்பிக்கத் தாதியரையும் அனுப்பினார்.

ஆசிரியர் கண்டிப்பானவர், நோய் முற்றினால் குற்றம் நோயாளருடையதே என எண்ணும் சாயல் அவர் எழுத்தில் உண்டு. நானும் இந்நோய் உடையவன்; அது எனக்கு உவப்பில்லை. எதிர்த்துரைத்த மருத்துவரும் இருந்தனர். உடல் நலமாயிருந்தால் சர்க்கரை சற்று மிகினும் கேடில்லை என்பது அவர் கட்சி. பல்லாண்டு நீடித்த அவ்வழக்கு தீருமுன்னரே, 1962 சனவரியில், 92ஆம் வயதில் ஜாஸ்லின் காலமானார்.

தீர்ப்பு 1993இல் வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலினை நம்பி வாழ்ந்த 1,441 பேரைக்கொண்டு நடந்த ஆய்வில், சர்க்கரையை நன்கு அடக்கியவர்க்குக் கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் கேடு பெரிதும் குறைந்தது. இதயத்தைப் பற்றிய விடைக்கு 2005 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர்களுள் மாரடைப்பு முதலிய கேடுகள் 42 விழுக்காடு குறைந்திருந்தன. எனினும், முதியவரும் இதயநோய் உற்றோருமான வேறு வகை நீரிழிவாளரிடம் மிகக் கடுமையாகச் சர்க்கரையைக் குறைத்த மற்றோர் ஆய்வில் இறப்பு மிகவே, 2008இல் அக்கடுஞ்சிகிச்சையை நிறுத்திவிட்டனர்.