எஞ்சும் குரல்

நோய் ஒருவரின் பேச்சைப் பறித்த பிறகு, கருவி அவருக்குத் தருவது யாருடைய குரல்? கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றில் இக்கேள்விக்கு இருவேறு விடைகளைக் காண்கிறோம்.

முதல் விடை டென்னிஸ் க்ளாட்டிடம் தொடங்குகிறது. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆய்வாளராக இருந்தவர். குரல்நாணின் அதிர்வையும் வாயறையின் ஒத்ததிர்வுகளையும் கணித விதிகளாக்கி, எழுத்தைப் பேச்சாக்கும் முறையொன்றை அவர் வகுத்தார். அதற்கு மாதிரியாகக் கொண்டது தம் சொந்தக் குரலை. 1985இல் நிமோனியா கண்டு, மூச்சுக்குழாயில் துளையிடப்பட்டதால் பேச்சை முற்றிலும் இழந்த ஸ்டீபன் ஹாக்கிங், இவ்வாய்வின் வழிவந்த கருவியால் மீண்டும் பேசினார். அதே காலத்தில் தைராய்டு புற்றுநோயால் க்ளாட்டின் குரல் கரகரத்துத் தேய்ந்துகொண்டிருந்தது. 1988இல், ஐம்பதாம் வயதில், அவர் மறைந்தார். அவர் குரலின் சாயலோ மேலும் முப்பது ஆண்டுகள் அண்டவியல் பேசியது.

அமெரிக்கத் தொனி கொண்ட அந்தக் குரலை ஆங்கிலேயரான ஹாக்கிங் தம்முடையதாகவே வரித்துக்கொண்டார். மேம்பட்ட குரல்கள் வந்த பின்னரும் மாற்ற மறுத்தார். பழைய வன்பொருள் நலியவே, அதே ஒலியை மென்பொருளில் மறுஆக்கம் செய்து 2018 தொடக்கத்தில் அவருக்கு அளித்தனர். அவ்வாண்டு மார்ச்சில் அவர் காலமானார்.

இரண்டாம் விடைக்குரியவர் திரைவிமர்சகர் ரோஜர் ஈபர்ட். புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சைகளால் 2006இல் பேச்சிழந்தார். 'சிட்டிசன் கேன்' முதலிய படங்களின் டிவிடிகளுக்கு அவர் முன்னரே பதிந்திருந்த விளக்கவுரைகளைத் துண்டுகளாக்கி, எடின்பரோவின் செரெப்ராக் நிறுவனம் 2010இல் அவருடைய குரலையே கட்டியெழுப்பியது. ஆயினும் 2011இல் டெட் மேடையில் அவர் பயன்படுத்தியது கணினியில் ஆயத்தமாக இருந்த 'அலெக்ஸ்' என்னும் பொதுக்குரலையே. வேறு நோக்கத்துக்காகப் பதிந்த பேச்சிலிருந்து ஒரு வாழ்நாளின் பேச்சைத் தைப்பது எளிதன்று.

ஆகவேதான் இயக்க நரம்பு நோய் கண்டவர்களிடம், நாக்குக் குழறத் தொடங்குமுன்பே குரலைப் பதிந்துவைக்கச் சொல்கிறார்கள். டெலவேரில் உருவான மாடல்டாக்கர் ஒருகாலத்தில் சுமார் 1600 வாக்கியங்களைக் கேட்டது. 2023இல் ஆப்பிள் அறிமுகப்படுத்திய வசதிக்கு ஏறத்தாழ 15 நிமிடப் பதிவு போதுமானதாக இருந்தது.

கருவியின் தேவை இவ்வாறு சுருங்கியபோதும் நோய் தரும் அவகாசம் நீளவில்லை. நோயை ஏற்க மனம் மறுக்கும் முதல் மாதங்களிலேயே, இழக்கப்போகும் குரலை நோயாளி தாமே சேமிக்க வேண்டியிருக்கிறது. சேமிக்க இயலாமற்போனவர்க்கும் வழி அடைபடவில்லை என்பதற்கு ஹாக்கிங்கே சான்று: இரவல் குரலையும் பேசிப் பேசித் தமதாக்கிக்கொண்டவர் அவர்.