சோத்து நேரத்துப் படங்கள்

எங்கள் வீட்டில் குடும்பம் மொத்தமும் நிற்கிற பழைய படம் ஒன்றே ஒன்றுதான். இ.எஸ்.ஐ. அட்டைக்காக எடுத்தது. அம்மா அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து ஸ்டுடியோவில் நின்றாள். அப்பா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருக்கிறார். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. கம்பெனி கேட்டது, கொடுத்தோம், அவ்வளவுதான்.

1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அம்மாவுக்குப் பதினேழு வயது. கைமடி வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஊர்வலத்தில் நடந்ததையும் அடுப்பெரியாமல் கிடந்த நாட்களையும் இன்றைக்கும் சொல்வாள். "அப்ப எடுத்த போட்டோ ஏதாச்சும் இருக்குதாம்மா?" என்று கேட்டால், "நம்மள ஆரு கண்ணு போட்டோ புடிப்பாங்க?" என்பாள்.

இந்த 'ஆரு' என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம்மைப் படமே பிடிக்கவில்லை என்பது உண்மையல்ல. பிடித்திருக்கிறார்கள். யார் பிடித்தார்கள், எதற்குப் பிடித்தார்கள் என்பதுதான் விஷயம்.

1858இல் லினேயஸ் டிரைப் என்கிற வெள்ளைக்கார ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை மீனாட்சி கோயிலைப் படமெடுத்தார். கேமரா நுழைந்த அந்தக் கோயிலுக்குள் நம் ஜனங்கள் கால் வைக்க 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' என்ற ஆங்கிலேய அரசின் வெளியீடு, மனிதர்களைச் சாதி சாதியாக நிறுத்திப் படம் பிடித்து அச்சடித்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்புக்கூடாய்ப் போன ஜனங்களை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். எடுத்து முடித்தபின் அவர்களுக்கு என்ன செய்தார் என்ற கேள்வி அவரை விட்டுப் போகவேயில்லை. பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன். மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாகத் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' வந்தது. அந்தப் படங்களில் சாதிப்பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இ.எஸ்.ஐ. படத்தில் அம்மாவின் முகம் ஏன் அப்படி இறுகியிருக்கிறது என்று அவற்றைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

படம் என்றாலே அடுத்தவன் நம்மை எடுப்பது என்று நினைத்திருந்த எனக்கு வேறொன்றைக் காட்டியது ஒரு சோத்து நேரம்.

எம்.ஏ. தமிழ் முடித்து வாத்தியார் வேலைக்கு அலைந்து சலித்து, 2014இல் அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆர்டர் டிசைன் வெளியே போய்விடக் கூடாதாம். மதியம் அரைமணி நேரம் மட்டும் கைக்கு வரும். வெளியே வேப்பமரத்தடியில் ஒருத்தரையொருத்தர் படம் எடுத்துக்கொள்வோம். உள்ளே நடப்பதை எடுக்க வழியில்லை. அதைப் பேக்கிங்கில் இருந்த ஒடிசாப் பையன் நினைவிலிருந்து வரைவான். கிழிந்த அட்டைப்பெட்டிதான் அவனுக்குத் தாள். கட்டிங் மேசையில் குறிபோடுகிற சாக்பீசும் ஒரு பென்சிலும்தான் கருவி. "கத்திரி புடிச்சா கட்டவெரலு இப்படி நிக்காது தம்பி" என்று கட்டிங் மாஸ்டர் அண்ணன் கையைக் காட்டித் திருத்துவார். "என்னைய ஏன்டா இவ்வளவு குண்டா போட்டுருக்கற?" என்று ஓவர்லாக் அக்கா சண்டைக்கு வருவாள். பாத்ரூம் போக டோக்கன் கேட்டு நிற்கிற வரிசையை அவன் வரைந்தபோது எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் யாரும் பேசவில்லை.

ஒருநாள் நாங்கள் சாப்பிடுவதையே வரைந்தான். மேலேயிருந்து பார்க்கிற மாதிரி. தூக்குப்போசி, டிபன் பாக்ஸ், கழற்றிப் போட்ட செருப்பு எல்லாம் இருந்தன. வட்டம் மட்டும் ஒன்றில்லை, இரண்டு. நடுவே ஓராள் படுக்கிற அகலத்துக்கு வெற்றிடம். "அண்ணா, ஏன் ரெண்டு?" என்று என்னிடம்தான் கேட்டான். அவனுக்கு எங்கள் காலனியும் தெரியாது, அவர்களுடைய ஊரும் தெரியாது. கண்ணில் பட்டதை வரைந்துவிட்டான். அந்த வட்டத்திலிருந்து ஒரு அக்கா, "வெய்யிலுக்குத்தானப்பா தள்ளி உக்காந்தம்" என்றாள். வேப்பமரத்து நிழல் இரண்டு வட்டத்தின் மேலும் ஒன்றாகத்தான் விழுந்திருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எங்கள் செல்போன் படங்களில் அந்த இடைவெளி இல்லை. படம் எடுக்கும்போது எல்லோரும் தோளோடு தோள் ஒட்டி நின்று சிரிப்போம். அந்தச் சிரிப்பும் பொய்யில்லை. சாப்பிட உட்காரும்போதுதான் ஊர் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும். படமும் சித்திரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் எங்கள் முழுக்கதை தெரியும்.

தொழிலாளி தன் கையால் எடுத்த படத்துக்கென்று ஒரு வரலாறு உண்டு. 1926இல் ஜெர்மனியில் வில்லி மூன்சென்பெர்க்கின் தொழிலாளர் படப் பத்திரிகை, பட்டறையையும் வீட்டையும் நீங்களே எடுத்து அனுப்புங்கள் என்று தொழிலாளர்களைக் கேட்டது. 'தொழிலாளிப் புகைப்படக்காரன்' என்றே ஒரு பத்திரிகையும் சங்கமும் அந்த வருஷமே தோன்றின. 1933இல் ஹிட்லர் வந்ததும் அந்த இயக்கத்தை நசுக்கினார்கள்.

நம் நாட்டில் 1943 வங்கப் பஞ்சத்தின்போது கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையில் சகாக்களாக இருந்த இருவர் பஞ்சம் பாதித்த பகுதிகளுக்குப் போனார்கள். சுனில் ஜானா கையில் கேமரா, சித்தபிரசாத் கையில் பேனாவும் மையும். மேதினிப்பூர் ஜில்லாவில் தான் கண்டதைச் சித்தபிரசாத் 'பசித்த வங்கம்' என்ற சிறு நூலாகப் போட்டார். வெள்ளை அரசாங்கம் பிரதிகளைப் பறித்துக் கொளுத்தியது. அந்த வேலைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் அங்கேயும் கேமராவும் பேனாவும் பார்க்க வந்தவர்களின் கையில்தான் இருந்தன. பசித்தவன் கையில் இல்லை. அனுதாபம் வேறு, தன் கண் வேறு. தலித் எழுத்து வந்தபோது கதையிலும் கவிதையிலும் நாம் சொன்னது இதைத்தான். படத்தில் அதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் காலம் பிடித்தது.

இப்போது சொல்கிறவர்கள் வந்துவிட்டார்கள். மதுரையில் மீன் விற்ற அம்மாவின் மகன் மு. பழனிகுமார். கையால் மலம் அள்ளும் வேலையைப் பற்றித் திவ்யபாரதி எடுத்து 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழிச் சாவுகளை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து எடுத்தார். தன் அம்மாவையும் அவர் வேலைசெய்கிற இடத்தில் எடுத்திருக்கிறார். அதோடு நிற்காமல் தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் கையிலும் மீனவப் பெண்கள் கையிலும் கேமராவைக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார். 'ஆரு புடிப்பாங்க' என்ற கேள்விக்கு நான் பார்த்தவரையில் நேரான பதில் இதுதான்.

எங்கள் அட்டைகள் என்னாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு வட்டம் வரைந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். சூப்பர்வைசர் எல்லாவற்றையும் எடுத்துப் போனார். "அட்டை கம்பெனிச் சொத்து" என்றார். வேஸ்ட் குடோனுக்குப் போயிருக்கும். கேட்க எங்களுக்கும் தைரியம் வரவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு ஊருக்குப் போன பையன் திரும்பி வரவில்லை. தோளோடு தோள் ஒட்டிச் சிரிக்கிற செல்போன் படங்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. அவற்றை மட்டும் பார்க்கிற ஒருத்தர், பனியன் கம்பெனிக்குள் சாதி இல்லை என்று நாளைக்கு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம். அதற்காகத்தான் தொலைந்துபோன அந்தச் சித்திரத்தை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

போன மாதம் அம்மாவை வாசலில் உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். பிரிண்ட் போட்டுப் பின்பக்கம் அவள் பெயர், செய்த வேலைகள், 1984 வேலைநிறுத்தம், படமெடுத்த தேதி எல்லாம் எழுதினேன். "எந்த ஆபீசுக்குக் குடுக்கோணும்?" என்று கேட்டாள். எந்த ஆபீசுக்கும் இல்லை என்றேன். அப்படியானால் இன்னொன்று எடு, தலை சீவிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள்.