பிள்ளை யாரிடம் வளர்வது? ஹிளானத் சட்டம் கடந்து வந்த பாதை

குபா பள்ளிவாசலின் முற்றத்தில் ஆஸிம் என்னும் சிறுவர் விளையாடிக்கொண்டிருந்தார். அவருடைய தந்தை ஹளரத் உமர் (ரலி) அவர்கள். தாயார் அன்ஸாரிப் பெண்மணி. இருவரும் மணவிலக்காகிப் பிரிந்திருந்த காலம் அது. அங்கு வந்த உமர் (ரலி) அவர்கள் மகனைக் கண்டதும் கையைப் பிடித்துத் தூக்கித் தம் வாகனத்தில் முன்னால் அமர்த்திக்கொண்டார்கள். சிறுவரின் பாட்டியார் விரைந்து வந்து மறித்தார். வழக்கு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் சென்றது. பிள்ளை தமக்கே உரியது என்று இருவரும் வாதிட்டனர். பிள்ளையை அப்பெண்மணியிடமே விட்டுவிடும்படி கலீஃபா தீர்ப்பளித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அதற்கு மறுமொழி ஒன்றும் கூறவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் பதிவாகியுள்ள செய்தி இது.

தலாக், குலா பற்றிய பேச்சுவார்த்தைகளில் மஹ்ருக்கும் நகைக்கும் சீர்ப்பொருளுக்கும் மணிக்கணக்கில் வாதிடும் நாம், பிள்ளையைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். "ஏழு வயதானதும் பையனை அத்தாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும், அதுதான் ஷரீஅத்" என்பதே அந்த வரி. அது அரைகுறையான செய்தி. ஆகவேதான் இச்சட்டத்தின் வரலாற்றை ஜமாஅத்தார் முன் வைக்க விழைகிறோம்.

ஹிளானத் என்பது பிள்ளையைத் தம்மிடம் வைத்து வளர்க்கும் பொறுப்பு. விலாயத் என்பது பிள்ளையின் சொத்து, திருமணம் முதலியவற்றில் முடிவெடுக்கும் காப்பாளர் பொறுப்பு. முன்னது முதலில் தாய்க்கும், தாய் இல்லையேல் தாயின் தாய்க்கும் உரியது. பின்னது தந்தைக்கு உரியது. ஹனஃபி மத்ஹபில் மகன் ஏழு வயது வரையிலும், மகள் பருவமடையும் வரையிலும் தாயிடம் வளர்வர். ஷாஃபிஈ மத்ஹபிலோ, விவரம் அறியும் வயது வந்ததும் பிள்ளையே தாயையோ தந்தையையோ தேர்ந்துகொள்ளலாம். ஆக, ஏழு வயது என்பது இரு மத்ஹபுகளிலும் ஒரே பொருள் தருவதன்று. ஹம்ஸா (ரலி) அவர்களின் மகள் யாரிடம் வளர்வது என்று அலீ, ஜஅஃபர், ஸைத் (ரலி) ஆகிய மூவரும் போட்டியிட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் அச்சிறுமியின் சிறிய தாயார் இருந்த ஜஅஃபர் (ரலி) அவர்களின் இல்லத்திற்கே அனுப்பினார்கள். தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவர் என்பதே அவர்கள் கூறிய காரணம்.

நம் நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம் இயற்றப்பட்டது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான அச்சட்டமே இன்றளவும் நடைமுறையில் உள்ளது. அதன் 17-ஆம் பிரிவு, பிள்ளையின் தனிச்சட்டத்திற்கு இசைந்தும், பிள்ளையின் நலனைக் கருதியும் முடிவெடுக்க நீதிபதியைப் பணிக்கிறது. பிள்ளையின் வயது, மதம், காப்பாளராக வர விரும்புபவரின் நடத்தை, உறவின் நெருக்கம் ஆகியவற்றை எடைபோட வேண்டும். அறிவு முதிர்ந்த பிள்ளையாயின் அதன் விருப்பத்தையும் கேட்கலாம். 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம், காப்பாளர் விவகாரத்திலும் முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தே பொருந்தும் என்று உறுதிசெய்தது.

இடையில் 1918-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வழங்கிய இமாம்பந்தி வழக்குத் தீர்ப்பை நம் தாய்மார்கள் அவசியம் அறிய வேண்டும். ஒரு விதவைத் தாய் தம் பங்கோடு சிறு பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து விற்றிருந்தார். பிள்ளைகளின் பங்கைப் பொறுத்தவரை அவ்விற்பனை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி செய்யித் அமீர் அலீ. தாய்க்கு உள்ளது வளர்க்கும் உரிமையே, சொத்தின் மீது அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். தந்தையை இழந்த பிள்ளையின் நஞ்சையை விற்க நேர்ந்தால், தாய் முதலில் நீதிமன்றத்தில் காப்பாளர் நியமனமும் அனுமதியும் பெற்றாக வேண்டும். கிராமப்புறங்களில் இது தெரியாமல் எழுதப்படும் பத்திரங்கள் பிற்காலத்தில் வழக்காகின்றன.

2010-இல் உச்ச நீதிமன்றத்திற்கு வந்த வழக்கொன்றில், தாய் இறந்தபின் பிள்ளைகள் தாய்வழி உறவினரிடம் வளர்ந்தனர். தந்தை மறுமணம் செய்திருந்தார். காப்பாளர் என்ற தகுதி வேறு, பிள்ளையை வைத்திருப்பது வேறு என்று கூறிய நீதிமன்றம், வழக்கு முடியும் வரை பிள்ளைகளை இருந்த இடத்திலேயே விட்டது. ஹிளானத், விலாயத் என்று ஃபுகஹாக்கள் பிரித்த அதே பிரிவு!

வழக்குக்குச் செல்ல நேர்ந்தால் கவனிக்க வேண்டியவை சில. மனுவைப் பிள்ளை வழக்கமாக வசிக்கும் ஊருக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலோ குடும்ப நல நீதிமன்றத்திலோ தாக்கல் செய்ய வேண்டும். தந்தை சவூதியில் இருந்தாலும் பிள்ளை உத்திரமேரூரில் வளர்ந்தால் இப்பகுதிக்குரிய நீதிமன்றமே. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, தடுப்பூசி அட்டை, கட்டணம் செலுத்திய ரசீதுகள் ஆகியவை வாய்ச்சண்டையைவிட வலுவாகப் பேசும். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை அது. வழக்கு நிலுவையில் இருக்கையில் பிள்ளையைத் தூக்கிச் செல்வதும் ஒளித்து வைப்பதும் அப்படிச் செய்தவருக்கே பாதகமாக முடியும். பிள்ளை தாயிடம் வளர்வதால் தந்தையின் செலவுப் பொறுப்பு நீங்கிவிடாது. முஸ்லிம் தந்தைக்கும் இது பொருந்தும் என 1997-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இனி ஜமாஅத்தின் இடம் எது? ஷரீஅத் மன்றங்களின் முடிவு எவரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நாம் சமரசம் பேசலாம், தீர்ப்பளிக்க இயலாது. பேச அமர்பவர் யார் என்பதும் முக்கியம். நம்மூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கியது. பிள்ளை வழக்கில் மாப்பிள்ளையின் மாமாவும் பெண்ணின் சாச்சாவும் நடுவர்களாக அமர்வதை நாமும் விலக்கலாம்.

சமரசம் எட்டப்பட்டால், பிள்ளை எவரிடம் வளரும் என்பதோடு நிறுத்தலாகாது. மற்றவர் எந்தெந்த நாளில், எங்கே, எத்தனை மணி நேரம் பார்க்கலாம், கோடை விடுமுறை யாரிடம், இரு பெருநாட்களில் எது யாரிடம், பள்ளிக் கட்டணம் யார் செலுத்துவது என்பனவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். அவ்வாறு எழுதிய காகிதம் ஜமாஅத் அலமாரியில் உறங்காமல், வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் தாக்கலாகி உத்தரவாக வேண்டும்.