மாவைக் கழுவிய நீர்

பரோட்டாவுக்குப் பிசைந்த மைதா உருண்டை ஒன்றைத் தண்ணீரில் இட்டுக் கசக்கிக் கழுவிப் பாருங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். நாலைந்து முறை நீரை மாற்றியபின் கையில் எஞ்சுவது, இழுத்தால் நீளும் ஒரு பசை. இத்தாலியின் பொலோஞா நகரத்து அறிஞர் யாக்கோப்போ பெக்காரி, 1728-ஆம் ஆண்டு இந்தச் சோதனையை விவரித்து உரையாற்றினார். அது 1745-இல் அச்சேறியது. அந்தப் பசைதான் குளூட்டன். லத்தீனில் அச்சொல்லுக்குப் பொருளும் பசை என்பதே. இக்கட்டுரை பெரும்பாலும், கழுவிக் கொட்டிய அந்த வெள்ளை நீரைப் பற்றியது.

குளூட்டனால் சிறுகுடலின் உட்சுவர் சிதைந்து, உண்டது உடலில் ஒட்டாமல் போகும் நோய்க்குச் சீலியாக் என்று பெயர். நோயை நெடுங்காலமாக அறிந்திருந்த மருத்துவர்கள் அதன் காரணத்தை அறிந்திருக்கவில்லை. இதற்குத் தீர்வு உணவில்தான் இருக்க வேண்டும் என்று 1888-இல் லண்டனில் சாமுவேல் ஜீ எழுதினார். எந்த உணவு என்பதில் அவருக்கும் தெளிவில்லை. 1924-இல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் நோயுற்ற குழந்தைகளுக்கு வாழைப்பழ உணவை வகுத்தார். குழந்தைகள் தேறினர். வாழைப்பழமே மருந்து என அவர் நம்பினார். உண்மையில் காப்பாற்றியது, அந்தப் பட்டியலில் ரொட்டிக்கு இடமில்லாமல் போனதுதான்.

குற்றவாளியைச் சுட்டிக்காட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி அரிதானபோது நோயுற்ற குழந்தைகள் தேறினார்கள், விமானத்தில் ரொட்டி வந்ததும் மீண்டும் வீழ்ந்தார்கள் என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் கோதுமையின் மேல் அவருக்கு ஐயம் எழுந்தது பஞ்சத்துக்கு முன்பே. ரொட்டியை விலக்கிய உணவுமுறை பற்றி 1941-லேயே எழுதிவிட்டார். 1950-இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அதை நிறுவினார்.

1952-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஒரு குழுவினர் பெக்காரியின் பழைய வழியிலேயே கோதுமை மாவைப் பிரித்து நோயாளிகளுக்குத் தந்து பார்த்தனர். பசை தீங்கு செய்தது, மாச்சத்து செய்யவில்லை. அப்படியானால் கழுவிய நீரில் படிந்த மாச்சத்தைக் கொண்டே ரொட்டி சுடலாம் அல்லவா? ஐரோப்பாவில் பொட்டலமிட்டு விற்ற 'குளூட்டன் நீக்கிய' மாவும் ரொட்டியும் பலவும் அவ்வாறு பிறந்தவையே. கோதுமையை ஒழிக்க வேண்டிய நோயாளி, கோதுமையில் செய்த ரொட்டியை மருந்தாக உண்டார்.

வீட்டில் கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை முறை கழுவினாலும் பசையின் ஒரு துணுக்காவது நீரோடு போகத்தான் செய்யும். எவ்வளவு போகலாம்? 1979-இல் ஏற்கப்பட்ட கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரவிதி, 100 கிராம் உலர்ந்த தானியப் பொருளில் 0.05 கிராமுக்கு மேல் நைட்ரஜன் இருக்கலாகாது என்றது. ஆனால் நைட்ரஜன் எல்லாப் புரதங்களிலும் உண்டு. அதில் குளூட்டன் எவ்வளவு என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. எண்ணுவதற்கு எளிதானதை எண்ணினார்கள் என்றே தோன்றுகிறது. இதில் விந்தை ஒன்றுண்டு: ஐரோப்பிய நோயாளிகள் இப்பண்டங்களை உண்டுவந்த அதே காலத்தில், அட்லாண்டிக்கின் மறுகரை நோயாளிகளுக்குக் கோதுமை மாச்சத்தே கூடாது என்று அறிவுரை சொல்லப்பட்டது. நோய் ஒன்று, விதி இரண்டு.

ஐரோப்பியர் எல்லோரும் துன்புற்றார்கள் என்று சொல்வது நியாயமாகாது. அப்பண்டங்களை ஆண்டுக்கணக்கில் உண்டவர்களின் குடல் நலமாகவே இருந்ததை 1999-இல் வெளியான பின்லாந்து ஆய்வு காட்டியது. சிலருக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிலரின் நிலை கடினமானது. பொட்டலத்தை நம்பி உண்டபின் வயிறு நோவதாகச் சொன்னால், எங்கோ மறைவில் ரொட்டி தின்றிருப்பார் என்ற ஐயம் முதலில் அவர்மேல்தான் விழும். (நம் சமையலறைக்கும் இதில் பங்குண்டு. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பது வழக்கம். சோறும் சாம்பாரும் மட்டுமே உண்டேன் என்பவரும் பொய் சொல்லவில்லை.)

அவர்கள் சொல்லுக்கு ஒரு சான்று 2007-இல் கிடைத்தது. இத்தாலியில் கார்லோ கத்தாஸ்ஸி குழுவினர், கட்டுப்பாடான உணவில் இருந்த சீலியாக் நோயாளிகளுக்கு மூன்று மாதம் நாள்தோறும் அளந்த குளூட்டன் கொடுத்தனர். 50 மில்லிகிராம் குடலைப் பாதித்தது. வெறும் 10 மில்லிகிராம் பெற்றவருள் ஒருவருக்கே நோய்க்குறிகள் திரும்பிவந்தன. மறு ஆண்டு கோடெக்ஸ் திருத்தப்பட்டு, கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பு வந்தது. நைட்ரஜன் போய், குளூட்டனையே கண்டறியும் சோதனை வந்தது. அமெரிக்காவும் 2013-இல் அதே 20-ஐ ஏற்றது. வரம்பைத் தொட்டு நிற்கும் பண்டத்தை ஒருவர் நாளொன்றுக்கு அரைக்கிலோ உண்டால், 10 மில்லிகிராம் கணக்காகிறது.

ஓட்ஸ் தனிக்கதை. பெரும்பாலான நோயாளிகளுக்கு அது தீங்கில்லை. ஆயினும் 2003-இல் வெளியான நார்வே ஆய்வில், தூய ஓட்ஸ் உண்ட 19 பேரில் ஒருவருக்குக் குடல் சிதைந்தது. தூய்மையைக் காப்பதும் எளிதன்று. 2015 அக்டோபரில் ஜெனரல் மில்ஸ் நிறுவனம், குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட சீரியோஸ் பெட்டிகள் சுமார் 18 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. கலிஃபோர்னியாவின் லோடி ஆலைக்கு ரயிலில் வரவேண்டிய ஓட்ஸ் மாவு, லாரிகளுக்கு மாற்றி ஏற்றப்பட்டதில் கோதுமை மாவு கலந்துவிட்டது.

கோதுமையே கலவாத பொட்டலமும் நோய் தரலாம் என்பதைக் காட்டியது லூபின் என்னும் பயறு. 1994-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வறிக்கை வந்தது: நிலக்கடலை ஒவ்வாத ஐந்து வயதுச் சிறுமி, லூபின் மாவு சேர்த்த பாஸ்தாவை உண்டு உடல் தடித்துப்போனாள். லூபினும் கடலையும் ஒரே அவரைக் குடும்பம். ஒன்று ஒவ்வாதவருள் சிலருக்கு மற்றதும் ஒவ்வாது. அதே லூபின் மாவைத்தான், புரதம் மிக்கது, குளூட்டன் அற்றது என்று கோதுமைக்கு மாற்றாக ரொட்டிகளில் சேர்த்துவந்தார்கள். 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் லூபினையும் ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் ஏற்றி, பொட்டலத்தில் அதன் பெயரைக் குறிப்பது கட்டாயம் என்றது. முகப்பில் 'குளூட்டன் இல்லை' என்று பெரிதாகவும், பின்பக்கத்தில் 'லூபின்' என்று சிறிதாகவும் எழுதிய ரொட்டிகள் அங்கே கடைகளில் கிடைக்கின்றன.