தெருவும் சந்தையும்: கல்பாத்தியின் கொடுக்கல் வாங்கல்

"காசியில் பாதி கல்பாத்தி" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாம், அவ்வூர்க் கோவில் ஒரு பணப் பரிமாற்றத்தில் தொடங்கியது என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. சேகரிபுரத்தைச் சேர்ந்த லக்ஷ்மி அம்மாள் என்ற விதவை, காசி யாத்திரையிலிருந்து ஒரு பாணலிங்கம் கொண்டுவந்தார். பாலக்காட்டு ராஜா இட்டிக்கோம்பி அச்சனிடம் 1320 பொற்காசுகளை ஒப்படைத்து, நதியின் தென்கரையில் கோவில் கட்டித் தரும்படி வேண்டிக்கொண்டார் என்பது ஸ்தல வரலாறு. காலம் கி.பி. 1425 என்று சொல்லப்படுகிறது.

இதைப் பக்தியின் கண்ணோடு பார்ப்பது சரியே. ஆனால் ஒரு கணக்கனின் கண்ணோடும் பார்க்கலாம். பத்திரப் பதிவு அலுவலகம் இல்லை, வங்கி இல்லை. ஒரு பெண் தன் கையிலிருந்த பெரிய தொகையை ஆயுதபலம் உள்ள ஒரு மன்னனிடம் கொடுக்கிறார். அவருக்கு என்ன ஜாமீன்? ஸ்வாமியின் பெயரில் வாங்கிய பணம் என்பதும், ஊர் அறியக் கொடுத்தது என்பதும்தான். ராஜாவுக்கும் இதில் லாபம் உண்டு. கோவில் வந்தால் கிராமம் வரும். கிராமம் வந்தால் வரவும் செலவும் பெருகும்.

பொருளாதாரம் என்பது சமூக உறவுகளுக்குள் பொதிந்து கிடப்பது, தனியே நிற்பதல்ல என்று கார்ல் போலன்யி என்ற ஹங்கேரிய அறிஞர் 1944-ல் வெளியான தம் நூலில் வாதாடினார். (ரசாயனம் படித்தவர்களுக்கு இந்தக் குடும்பப் பெயர் பழக்கமானதாக இருக்கும். இவருடைய தம்பி மைக்கேல் பெரிய ரசாயன விஞ்ஞானி. தம்பி மகன் ஜான் 1986-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) போலன்யி சொன்னதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து குடியேறிய நம் முன்னோர்களின் ஜீவனமே போதும்.

மலையாளிகள் நம்மைப் "பட்டர்" என்றார்கள். வைதீகமும் சமையலும் மட்டும் பட்டரின் தொழில் அல்ல. துணி வியாபாரம், வட்டிக்குக் கொடுத்தல், காணத்துக்கு நிலம் பிடித்தல் என்று பலவும் உண்டு. காணம் என்பது வெறும் குத்தகையும் அல்ல, வெறும் அடமானமும் அல்ல. காணக்காரர் ஜன்மிக்கு ஒரு தொகை கொடுத்து நிலத்தைப் பெறுவார். அத்தொகைக்கான வட்டியைப் பாட்டத்தில் கழித்துக்கொண்டு மீதியை ஜன்மிக்கு அளப்பார். வழக்கமாகப் பன்னிரண்டு வருஷம் கழிந்ததும் ஒரு தொகை செலுத்தி "பொளிச்செழுத்து" என்று புதுப்பித்துக்கொள்வார். காணக்காரருக்குக் கீழே வெறும்பாட்டக்காரர். அவருக்கும் கீழே சேற்றில் இறங்கி உழைத்த செருமர். ஒரே வயலில் இத்தனை பேருக்கு இத்தனை விதமான பாத்யதை. நெல்லின் விலையைச் சந்தை நிர்ணயித்திருக்கலாம். அந்த நெல்லில் யாருக்கு எத்தனை பறை என்பதை நிர்ணயித்தது பிறப்பு.

இதில் நம் மனத்தைச் சங்கடப்படுத்தும் ஒரு விவரத்தையும் சொல்லியாக வேண்டும். 1800-ல் இப்பகுதிகளைச் சுற்றிப் பார்த்து எழுதிய பிரான்சிஸ் புக்கானன், செருமர்களைக் கைமாற்ற மூன்று முறைகள் இருந்ததாகக் குறித்திருக்கிறார்: ஜன்மம், காணம், பாட்டம். அதாவது விலைக்கு விற்பது, ஈடு வைப்பது, வாடகைக்கு விடுவது. நிலத்துக்கு இருந்த அதே மூன்று சொற்கள், மனிதர்களுக்கும். 1843-ஆம் வருஷச் சட்டம் அடிமைத்தனத்தைக் கோர்ட்டுகள் அங்கீகரிப்பதை நிறுத்தியது. ஆனாலும் உறவு முறை சட்டத்தோடு ஒரே நாளில் மாறிவிடவில்லை.

கிராமத்துக்கு உள்ளே நம்பிக்கை எப்படி வேலை செய்தது என்பதற்குக் குரி நல்ல சாட்சி. இருபது பேர் மாதம் நூறு ரூபாய் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேர்வது இரண்டாயிரம். அவசரக்காரர் ஒருவர் 400 ரூபாய் தள்ளி 1600-க்கு ஏலம் எடுக்கிறார். அந்த 400, குரி நடத்துபவரின் கமிஷன் போக, எல்லோருக்கும் பிரிகிறது. கணக்கு இவ்வளவு எளிது. கஷ்டம் வேறு இடத்தில். முதல் மாதமே எடுத்தவர் மீதிப் பத்தொன்பது மாதமும் ஒழுங்காகக் கட்டுவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அக்ரஹாரத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. எடுத்தவர் ஓடிப்போனால் வீடு ஓடாது. பெண்ணுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் அடுத்த வீட்டுத் திண்ணையில்தான் விசாரிப்பார்கள். இந்த ஜாமீனை எந்த வக்கீலும் எழுதிவிட முடியாது. பிறகு 1969-ல் கேரள அரசே திருச்சூரில் கே.எஸ்.எஃப்.இ.யைத் தொடங்கிக் குரி நடத்த முன்வந்தது. திண்ணை விசாரணையின் இடத்தில் சம்பளச் சான்றிதழும் ஜாமீன்தாரரின் கையெழுத்தும் வந்தன. மத்தியச் சட்டம் 1982-ல் இயற்றப்பட்டும் கேரளத்தில் அமலுக்கு வந்தது 2012-ல்தான். மாநிலத்தின் கடுமையான விதிகளைத் தவிர்க்க, அதுவரை பல தனியார் குரிகள் ஃபரீதாபாத்திலும் ஜம்முவிலும் போய்ப் பதிவு செய்துகொண்டன. அரசுப் பணியில் காலம் கழித்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

இந்த நெருக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. உள்ளே இருப்பவருக்குச் சுவர் ஜாமீன். வெளியே நிற்பவருக்கு அதே சுவர் தடை. பொது வழிகளை எல்லோரும் உபயோகிக்கலாம் என்று 1924-ல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அந்த வருஷத் தேர்த் திருவிழாவின்போது கல்பாத்தித் தெருவுக்குள் வந்த ஈழவர்கள் தடுத்துத் துரத்தப்பட்டார்கள். வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்த அதே சமயம். ஈழவர்களில் ஒரு சாரார் ஆரிய சமாஜத்தில் சேர்ந்து, அந்தப் பெயரால் தெருவில் நடக்கும் உரிமை கோரினார்கள். வேற்று மதத்தார் நடக்கத் தடையில்லாத வழியில் ஹிந்துவுக்குத் தடை என்பது எத்தனை விசித்திரம்! நம் வெளியீடுகளில் தேர்த் திருவிழாவைப் பற்றிப் பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. இந்த அத்தியாயத்தை நான் எதிலும் கண்டதில்லை. தேர்த் திருவிழா என்றால் கடைகளும்தானே? தெருவில் நடக்க முடியாதவன் அங்கே விற்கவும் முடியாது, பேரம் பேசி வாங்கவும் முடியாது. சந்தைக்கு எல்லோரும் சமம் என்று பொருளாதாரப் பாடநூல் சொல்கிறது. சந்தைக்குப் போகும் வழி யாருடையது என்று அது கேட்பதில்லை.

நில உறவு முடிவுக்கு வந்தது 1970 ஜனவரி 1-ஆம் தேதி. 1969-ல் திருத்தப்பட்ட கேரள நிலச் சீர்திருத்தச் சட்டப்படி குத்தகை முறை ஒழிந்தது. பயிரிட்டவருக்கு நிலம் சொந்தமாயிற்று. பாட்ட நெல்லை நம்பி வாழ்ந்த நம்மவர்கள் பலர், முக்கியமாக வயதான விதவைகள், திடீரென்று கைவிடப்பட்டது உண்மை. அந்த வருத்தத்தை நம் வீடுகளில் இன்றும் கேட்கலாம். தலைமுறைகளாக உழுதும் ஒரு சென்ட் பூமி இல்லாமலிருந்தவரின் வீட்டில் அதே நாளைப் பற்றி வேறு விதமாகத்தான் பேசியிருப்பார்கள். இரண்டும் ஒரே சட்டத்தின் விளைவு.

நம் பிள்ளைகள் அதற்கு வெகு முன்பே ரயிலேறத் தொடங்கிவிட்டார்கள். பேப்பூர் ரயில் பாதை 1862-லேயே பாலக்காட்டு வழியாகப் போயிற்று. விக்டோரியா கல்லூரிப் படிப்பு, டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், கையில் ஒரு கடிதம். கடிதம் பம்பாய் மாதுங்காவில் இருக்கும் அம்மாஞ்சிக்கோ, அவருக்குத் தெரிந்தவருக்கோ. 1932-ல் அங்கே தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. பாதிப் பேருக்கு வேலை கிடைத்தது விளம்பரத்தால் அல்ல. "நம்ம கல்பாத்திப் பையன்" என்று ஒரு ஹெட்கிளார்க் மேலதிகாரியிடம் சொன்ன ஒரு வார்த்தையால். வேலை வாய்ப்புச் செய்தியை அதிகம் கொண்டுவருபவர்கள் நெருங்கிய நண்பர்களைவிட லேசாகப் பரிச்சயமானவர்களே என்று மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973-ல் எழுதினார். நம் விஷயத்தில் ஊர்ப் பெயர் ஒன்றே அந்தப் பரிச்சயமாக இருந்தது. முன்பின் பார்த்திராதவரும் கல்பாத்தி என்றால் தெரிந்தவர்தான். கல்யாணச் சமையலுக்கு தேகண்டக்காரரை ஏற்பாடு செய்வதுகூட இன்றும் நம் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான்.

அந்தக் கடிதம் கையில் இல்லாமல் அதே ரயிலில் வந்திறங்கிய பிற ஜாதிப் பையன்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேர் விக்டோரியா டெர்மினஸில் இறங்கி எங்கே போனார்கள் என்று நம் சங்கங்களின் மலர்களில் பதிவு இல்லை. ஐப்பசி மாதக் கடைசியில் தேருக்காக ஊர் திரும்பும் நாம், தெருவின் இரு பக்கமும் வளையலும் பாத்திரமும் பொரியும் விற்கும் கடைகளுக்கிடையே கூட்டத்தில் நெருக்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. விற்பவர் யார், வாங்குபவர் யார், என்ன ஜாதி என்று அங்கே யாரும் கேட்பதில்லை.